மளிகைக் கூடையைச் சுமப்பது யார்?

அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, காப்பித்தூள் ஆகியவை இல்லாமல் எந்தக் குடும்பமும் நடப்பதில்லை. இவற்றை வாங்குவதோ மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் வேலை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் புறப்படும்போது இருக்கும் மகிழ்ச்சி, துவரம்பருப்பு வாங்கப் புறப்படும்போது யாருக்கும் இருப்பதில்லை. இன்று இப்பண்டங்களை இணையத்தின் வழியே வாங்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. கைபேசித் திரையில் பெயரைத் தொட்டால் போதும். பொருள் வாயிலுக்கு வந்துவிடுகிறது.

மக்கள் ஏன் இவ்வாறு வாங்குகிறார்கள்? இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. 'இது கணிப்பொறி யுகம். எல்லாம் அப்படித்தான்' என்பது ஒன்று. 'மக்களுக்குச் சோம்பல் மிகுந்துவிட்டது' என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் உண்மையானால், விலையுயர்ந்த கணிப்பொறிகளோடு பெருமுதல் போட்டுத் தொடங்கப்பட்ட கடைகள் ஏன் மூழ்கின? வீட்டிலிருந்தே மளிகை வாங்கிப் பழகியவர்கள் சில மாதங்களில் ஏன் பழைய கடைக்கே திரும்பினார்கள்? சரியான விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கதை தொடங்கிவிட்டது.

ஒரு செயலுக்குள் ஏழு வேலைகள்

கடைக்குப் போய்வருவதை ஒரே வேலையாக நாம் எண்ணுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஏழு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் எது தீர்ந்தது என்று பார்த்துச் சிட்டை எழுதுவது ஒன்று. கடை வரை செல்வது இரண்டு. பொருள் இருக்கும் இடத்தைத் தேடுவது மூன்று. நல்லதாகப் பார்த்துப் பொறுக்குவது நான்கு. அளந்து, நிறுத்து, பொட்டலம் கட்டுவது ஐந்து. கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பது ஆறு. வீட்டுக்குச் சுமந்து வருவது ஏழு.

எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இந்த ஏழும் நடந்தே ஆகவேண்டும். எந்த இயந்திரமும் இவற்றை முற்றாக இல்லாமற் செய்துவிடவில்லை. ஆனால் அவற்றைச் செய்யும் ஆள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். மளிகைக் கடையின் வரலாறு என்பது, இந்த ஏழு வேலைகளைக் கடைக்காரரும் வாங்குவோரும் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டனர் என்பதன் வரலாறே ஆகும்.

கடைக்காரரே எடுத்துக் கொடுத்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகர் ஒன்றின் மளிகைக் கடை எப்படி இருந்தது? நம் ஊர்ப் பலசரக்குக் கடையைப் போலவேதான். முன்னால் ஒரு நீண்ட மேசை. அதற்குப் பின்னால் பீப்பாய்களும் மூட்டைகளும் டப்பாக்களும். வாங்குவோர் மேசைக்கு வெளியே நின்று வேண்டியதைச் சொல்லவேண்டும். கடை ஊழியர் தேடி எடுத்து, நிறுத்து, தாளில் மடித்துக் கொடுப்பார். பழகிய குடும்பங்களுக்குக் கடனுக்கும் பொருள் உண்டு. பல கடைகள் குதிரை வண்டியில் பொருளை வீட்டுக்கே அனுப்பிவைத்தன. தொலைபேசி வந்தபின், வசதியுள்ள வீடுகள் அதன் வழியாகவே சிட்டையைச் சொல்லத் தொடங்கின.

அதாவது, ஏழு வேலைகளில் பெரும்பாலானவை கடைக்காரர் தலையில் இருந்தன. இதற்கு ஒரு விலையும் இருந்தது. எடுத்துக் கொடுக்கும் ஊழியரின் கூலி, வண்டியின் செலவு, வராக் கடனால் வரும் நட்டம் ஆகிய எல்லாம் பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தன. நேரில் வந்து ரொக்கம் கொடுத்துத் தாமே தூக்கிச் செல்பவரும் அதே விலையைத்தான் கொடுத்தார்.

முதலில் இந்த முடிச்சை அவிழ்த்தது ஏ அண்ட் பி என்ற அமெரிக்க நிறுவனம். 1912ஆம் ஆண்டு அது 'சிக்கனக் கடை' என்ற புதுவகைக் கடையைத் திறந்தது. அங்கே கடன் இல்லை. வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. அதற்கு ஈடாக விலை குறைவு. ஏழாவது வேலையான சுமத்தல் வாங்குவோர் தோளுக்கு மாறியது.

1916: மேசை அகன்றது

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'பிக்லி விக்லி' என்ற விந்தையான பெயருடன் ஒரு கடையைத் திறந்தார். அங்கே மேசை இல்லை. உள்ளே நுழைவோர் கையில் ஒரு கூடையை எடுத்துக்கொள்வார். வளைந்து வளைந்து செல்லும் ஒற்றை வழியில் எல்லா அடுக்குகளையும் கடந்து போவார். விலை எழுதிய பொருள்களைத் தாமே எடுத்துக் கூடையில் போடுவார். கடைசியில் வாசலருகே பணம் கொடுத்துவிட்டு வெளியேறுவார். இந்த அமைப்புக்குச் சாண்டர்ஸ் 1917ஆம் ஆண்டு காப்புரிமையும் பெற்றார்.

தேடுவதும் எடுப்பதும் இப்போது வாங்குவோரின் வேலையாயின. மக்கள் வெறுக்கவில்லை, மாறாக, விரும்பி வந்தனர். விலை குறைந்தது ஒரு காரணம். யாரையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை என்பது மற்றொரு காரணம். பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், இரண்டு சரக்கை ஒப்பிடலாம், வேண்டாமென்றால் திருப்பி வைக்கலாம். ஊழியரின் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

இதன்பின் வந்த புதுமைகள் எல்லாம் இதே திசையில் சென்றன. 1930இல் மைக்கேல் கல்லன் என்பவர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 'கிங் கல்லன்' என்ற பல்பொருள் அங்காடியைத் திறந்தார். கூடை நிறைந்து கை வலித்தால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்ட சில்வன் கோல்ட்மன், 1937இல் ஓக்லஹோமா நகரிலிருந்த தம் கடைகளில் சக்கரம் வைத்த தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். தொடக்கத்தில் யாரும் அதைத் தொடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு பொருள் வாங்குவதுபோல் நடிக்கச் சில ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினார் கோல்ட்மன். அதைக் கண்ட பிறகே மற்றவர்களும் எடுத்தார்கள். புதிய முறை எவ்வளவு பயனுள்ளதானாலும், நம்மைப் போன்ற இன்னொருவர் அதைப் பயன்படுத்துவதைக் கண்ட பிறகே நாம் துணிகிறோம். இந்தப் பாடம் பின்னால் நமக்குப் பயன்படும்.

மோட்டார் காரும் குளிர்பதனப் பெட்டியும் பெருகியபின், வாரத்துக்கு ஒருமுறை தொலைவிலுள்ள அங்காடிக்குப் போய் மொத்தமாக வாங்கிவருவது அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் இதைச் சுட்டிக்காட்டினார். வீட்டுவேலையைக் குறைக்க எத்தனையோ இயந்திரங்கள் வந்தன. ஆனால் முன்பு வண்டிக்காரர் செய்த சுமைவேலை, கார் ஓட்டும் இல்லத்தரசியின் வேலையாகிவிட்டது என்பது அவர் கருத்து. அந்த வேலைக்குக் கூலி இல்லை. ஆகவே அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சாவியால் இயங்கிய கடை

வாங்குவோரிடம் வேலையை ஒப்படைத்த அதே சாண்டர்ஸ், பிற்காலத்தில் அந்த வேலையை அவர்களிடமிருந்து திரும்ப வாங்கவும் முயன்றார் என்பது வியப்பான செய்தி. பங்குச் சந்தைப் போராட்டமொன்றில் 1923இல் பிக்லி விக்லியை இழந்த அவர், 1937இல் மெம்பிஸில் 'கீடூசில்' என்ற தானியங்கிக் கடையைத் திறந்தார்.

அங்கே பண்டங்களின் மாதிரிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. வாங்குவோர் கையில் கூடைக்குப் பதில் ஒரு சாவி. வேண்டிய பொருளுக்கு அருகிலுள்ள துளையில் சாவியைச் செருகினால், பின்புறக் கிடங்கிலிருந்து அப்பொருள் நகரும் பட்டையில் விழுந்து, பணம் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேரும். கணக்கையும் இயந்திரமே கூட்டும்.

கருத்து அருமையானது, கருவிகள்தாம் போதவில்லை. கூட்டம் மிகுந்த நேரங்களில் மின்சுற்றுகள் திணறின. ஒருவர் கேட்ட பொருள் இன்னொருவருக்குப் போயிற்று. மூன்று முறை முயன்றும் பயனின்றி 1949இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. ஒரே நேரத்தில் பலர் கேட்பவற்றை நினைவில் வைத்துக்கொண்டு பிழையின்றிப் பிரித்துக் கொடுக்க அக்காலத்து மின்விசைச் சுற்றுகளால் இயலவில்லை. அதற்குக் கணிப்பொறி வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணும் வேண்டியிருந்தது. அந்த எண், பார்கோடு எனப்படும் பட்டைக் குறியீடாக வந்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகர அங்காடி ஒன்றில், 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் பொதி முதன்முதலாக அவ்வாறு படிக்கப்பட்டது. அதுமுதல் கடையில் எது எத்தனை இருக்கிறது என்பதைக் கணிப்பொறி அறியும் வாய்ப்புப் பிறந்தது.

தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு கடை

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். 1979இல் மைக்கேல் ஆல்ட்ரிச் என்ற கண்டுபிடிப்பாளர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தொலைபேசிக் கம்பி வழியாக வணிகக் கணிப்பொறியுடன் இணைத்துக் காட்டினார். வாரந்தோறும் அங்காடிக்குப் போய்வரும் சலிப்பைப் பற்றி மனைவியுடன் பேசிக்கொண்டு நடந்தபோதுதான் இந்த எண்ணம் தோன்றியது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

இதன் செயல்முறையை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அக்காலத்து 'வீடியோடெக்ஸ்' திரையில் 24 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். ஆக 960 எழுத்துகள். தொலைபேசிக் கம்பி வழியே வீட்டை நோக்கி வரும் செய்தியின் வேகம் நொடிக்கு 1200 பிட்டுகள். ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் என்று கொண்டால் நொடிக்கு 120 எழுத்துகள். எனவே ஒரு திரை நிரம்ப 8 நொடிகள் ஆகும். வீட்டிலிருந்து திரும்பிச் செல்லும் வேகமோ நொடிக்கு 75 பிட்டுகளே. 'எனக்கு இந்த எண்ணுள்ள பொருள் இரண்டு வேண்டும்' என்று சொல்ல அது தாராளமாகப் போதும். படம் இல்லை, ஒலி இல்லை. ஆயினும் ஒரு சிட்டையை அனுப்ப இயலும்.

1984ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் இது நடைமுறைக்கு வந்தது. நகராட்சியும் டெஸ்கோ என்ற அங்காடி நிறுவனமும் சேர்ந்து நடத்திய சோதனை அது. அவ்வாண்டு மே மாதம் 72 வயது மூதாட்டி ஒருவர் தம் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே, தொலைக்காட்சியின் கைக்கருவிப் பொத்தான்களை அழுத்தி மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றைக் கேட்டார். சிட்டை அருகிலிருந்த கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊழியர்கள் பொருள்களை எடுத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தனர். மின்வழிப் பணம் அங்கே இல்லை. பொருள் வந்தபின் ரொக்கமாகவே கொடுத்தார்.

உலகில் வீட்டிலிருந்தே கணிப்பொறி வழியாக மளிகை வாங்கிய முதல் மனிதர்களுள் ஒருவர் இவர். இவர் இளைஞர் அல்லர். புதுமைக் கருவிகளில் மோகம் கொண்டவரும் அல்லர். அந்தச் சோதனை முதியோருக்கும் நடமாட்டம் குறைந்தோருக்கும் உதவுவதற்கென்றே நடத்தப்பட்டது. கனமான பையைச் சுமந்து படியேற முடியாதவருக்கு ஏழாவது வேலைதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. அதை யாராவது ஏற்றுக்கொண்டால், திரை நிரம்ப 8 நொடி காத்திருப்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

பெருமுதல் மூழ்கிய கதை

1989இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பார்க்கின்சன் சகோதரர்கள் 'பீபாட்' என்ற சேவையைத் தொடங்கினர். வீட்டுக் கணிப்பொறியிலிருந்து வரும் சிட்டையைக் கொண்டு, அருகிலுள்ள அங்காடியில் பொருள்களை வாங்கி வீட்டில் சேர்ப்பித்தார்கள். சிறிய அளவில், மெல்ல வளர்ந்த முயற்சி அது.

இணையம் பரவியதும் பெருமுதல் களத்தில் இறங்கியது. லூயிஸ் பார்டர்ஸ் 1996இல் நிறுவிய 'வெப்வான்', 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விநியோகத்தைத் தொடங்கியது. நகரும் பட்டைகளும் சுழலும் அடுக்குகளும் கொண்ட மாபெரும் கிடங்குகளை நாடெங்கும் கட்ட ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. வாங்குவோர் தேர்ந்தெடுத்த அரைமணி நேரத்துக்குள் பொருள் வந்து சேரும் என்று உறுதி கூறியது. 2001 ஜூலையில் அது திவாலாயிற்று.

எங்கே பிசகியது? மளிகை, புத்தகத்தைப் போன்றதன்று. புத்தகம் வாங்குபவர் ஒன்றிரண்டு வாங்குவார். அது கெடாது, உடையாது, அஞ்சலில் வந்தாலும் பாதகமில்லை. ஒரு குடும்பத்தின் வாரச் சிட்டையிலோ 40, 50 பண்டங்கள் இருக்கும். அவற்றுள் சில சாதாரண வெப்பத்திலும், சில குளிரிலும், சில உறைநிலையிலும் இருக்கவேண்டும். முட்டை மேலே, உருளைக்கிழங்கு கீழே என்று அடுக்கவேண்டும். ஒரு பண்டத்தை எடுக்க ஒரு நிமிடம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டாலும், 50 பண்டங்களுக்கு 50 நிமிடம். பிக்லி விக்லியின் காலத்திலிருந்து இந்த 50 நிமிடத்தையும் வாங்குவோர் இலவசமாகத் தந்துகொண்டிருந்தனர். இப்போது அதற்கு யாரோ கூலி கொடுக்கவேண்டும். மளிகையிலோ இலாபம் மிகச் சொற்பம்.

அடுத்தது வண்டிக் கணக்கு. பத்து வீடுகளுக்குப் பொருள் கொடுக்கவேண்டுமென்றால், எந்த வரிசையில் போவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறி உதவும். ஆனால் மிகச் சிறந்த வழிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்ற கணித அறிஞர்கள் 1959இல் இதை நிறுவினார்கள். ஒரு நகருக்குள் ஆங்காங்கே சிதறிய வீடுகள் மிகுதியாக இருந்தால், அவற்றைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியின் நீளம், வீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்ப வளரும். அதாவது, அதே நகரில் வாங்கும் வீடுகள் நான்கு மடங்கானால் வழியின் நீளம் இரண்டு மடங்கே ஆகும். வீட்டுக்கு வீடு செல்லும் தொலைவு பாதியாகக் குறையும். நெருக்கமாக வாங்குவோர் இருந்தால் வண்டி இலாபத்தில் ஓடும். சிதறியிருந்தால் நட்டத்தில் ஓடும். வெப்வானின் கிடங்குகள் நிறைந்த அளவுக்கு வாங்குவோர் பெருகவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டெஸ்கோ வேறு வழியைப் பின்பற்றியது. புதுக் கிடங்கு கட்டாமல், ஏற்கனவே இருந்த கடைகளிலேயே ஊழியர்களைக் கொண்டு பொருள்களை எடுக்கச் செய்தது. வீட்டில் சேர்ப்பதற்குத் தனிக் கட்டணமும் வாங்கியது. வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்காமல் சொன்ன அந்த முயற்சி நிலைத்தது.

ஏன் வாங்குகிறார்கள்?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு வீடும் ஒரு சிறு தொழிற்சாலை என்பது அவர் கருத்து. அங்கே பணமும் நேரமும் சேர்ந்தே எதையும் உண்டாக்குகின்றன. ஆகவே ஒரு கிலோ பருப்பின் உண்மையான விலை, கடையில் கொடுத்த பணத்தோடு முடிவதில்லை. போய்வந்த நேரத்தின் மதிப்பும் அதில் சேரும். ஒரு மணி நேரத்தில் 200 ரூபாய் சம்பாதிக்கக்கூடியவர் கடையில் இரண்டு மணி நேரம் செலவிட்டால், அவருடைய சிட்டையில் எழுதப்படாத 400 ரூபாய் இருக்கிறது. வீட்டில் சேர்ப்பதற்கு 40 ரூபாய் கேட்டால் அது அவருக்கு மலிவு. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கடைவீதியில் நாலு பேரைப் பார்த்துப் பேசுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு அந்த 40 ரூபாய் வீண்செலவு. இருவருமே அறிவுள்ளவர்கள்தாம்; இருவர் கணக்கும் வேறு.

அடுத்தது நம்பிக்கை. பிலிப் நெல்சன் என்ற மற்றொரு பொருளாதார அறிஞர் 1970இல் பண்டங்களை இரண்டாகப் பிரித்தார். வாங்குமுன்பே தன்மையை அறியக்கூடியவை ஒருவகை. பயன்படுத்திய பிறகே அறியக்கூடியவை மற்றொரு வகை. முத்திரையிட்ட சோப்புக்கட்டி எங்கே வாங்கினாலும் ஒன்றே. கத்தரிக்காயோ அப்படியன்று. காம்பைப் பார்க்கவேண்டும், அழுத்திப் பார்க்கவேண்டும், புழுத்துளை உண்டா என்று திருப்பிப் பார்க்கவேண்டும். இணையத்தில் வாங்கும்போது, நான்காவது வேலையான பொறுக்கியெடுத்தலை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். சோப்பையும் எண்ணெயையும் இணையத்தில் வாங்கும் பலர் காய்கறிக்கு மட்டும் சந்தைக்குப் போவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, பழக்கம் மாறும் விதம். எவரெட் ராஜர்ஸ் என்ற சமூகவியலார் 1962இல் வெளியிட்ட நூலில், புதுமைகள் பரவுவதற்கு ஐந்து பண்புகளைக் கூறினார். பழையதைவிட ஆதாயம் இருக்கவேண்டும், வாழ்க்கை முறையோடு பொருந்தவேண்டும், எளிதாக இருக்கவேண்டும், சிறிதளவில் சோதித்துப் பார்க்க இயலவேண்டும், பிறர் அடையும் பயன் கண்ணுக்குத் தெரியவேண்டும். கோல்ட்மனின் தள்ளுவண்டியை நினைவுகூருங்கள். ஐந்தாவது பண்பு அங்கே வேலை செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆய்வாளர் சிலர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இணையத்தில் மளிகை வாங்கத் தொடங்கும் தருணத்தைக் கவனித்தார்கள். குழந்தை பிறந்தது, உடல்நலம் குன்றியது என்று வாழ்க்கையில் ஏதேனும் ஒரு திருப்பம் நேர்ந்தபோதே பலர் தொடங்கினார்கள். அந்த நெருக்கடி தீர்ந்ததும் பலர் நிறுத்தியும் விட்டார்கள். அதே மனிதர், அதே கணிப்பொறி, அதே கடை. மாறியது சுமையின் கனம் மட்டுமே.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் இதை உலக அளவில் காட்டியது. பிரிட்டனில் உணவுப்பொருள் கடைகளின் விற்பனையில் இணையத்தின் பங்கு அவ்வாண்டின் தொடக்கத்தில் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கடைக்குப் போவதே ஆபத்து என்ற நிலையில், 2021 தொடக்கத்தில் அது சுமார் 12 சதவீதமாக உயர்ந்தது. நோய் தணிந்தபின் 9 சதவீத அளவுக்கு இறங்கியது. ஏறியவர்களில் ஒரு பகுதியினர் இறங்கிவிட்டார்கள்; ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். புதிய முறையைச் சோதித்துப் பார்க்க நோய் அவர்களைக் கட்டாயப்படுத்தியது. பார்த்தபின் தத்தம் கணக்கைத் தாமே போட்டுக்கொண்டார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் இக்கதை வேறு பாதையில் வந்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கும் கடை இங்கே மறையவே இல்லை. மாதச் சிட்டையை வாங்கிக்கொண்டு, கட்டி, சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பி, சம்பளத் தேதிவரை பற்று எழுதிவைக்கும் கடைக்காரர் பல தலைமுறைகளாக இருந்துவருகிறார். ஆகவே 'வீட்டுக்கே வரும்' என்பது மட்டும் இங்கே புதுமை ஆகவில்லை.

1999இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கிய குழுவினர், பின்னர் 2011இல் அதே நகரில் பிக்பாஸ்கெட்டைத் தொடங்கினர். இடைப்பட்ட ஆண்டுகளில் கைபேசியும் இணையமும் பரவியிருந்தன. பரந்த நகரங்களில் போக்குவரத்து நெரிசலும் பெருகியிருந்தது. 2020க்குப் பிறகு, வாடிக்கையாளர் நுழையாத சிறு கிடங்குகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே வைத்து, சில நிமிடங்களில் பொருளைச் சேர்க்கும் விரைவு வணிகம் பெருநகரங்களில் பரவியது. நெருக்கமாக வாழும் நம் நகரங்களுக்கு மேற்சொன்ன வர்க்கமூலக் கணக்கு சாதகமானது. ஆனால் சிதறிய வீடுகளைக் கொண்ட சிற்றூருக்கு அந்தக் கணக்கு எதிரானது. உதவி மிகுதியாகத் தேவைப்படும் தனித்து வாழும் முதியவர் அத்தகைய சிற்றூர்களிலும் இருக்கிறார். கேட்ஸ்ஹெட்டில் நகராட்சி முன்வந்ததன் பொருள் இப்போது விளங்கும். இலாபக் கணக்கு எட்டாத இடத்துக்குப் பொதுநலக் கணக்குதான் போகமுடியும்.

சுமை எங்கே போயிற்று?

ஏழு வேலைகளை மறுபடி எண்ணிப் பார்ப்போம். இணையத்தில் வாங்குபவருக்குச் சிட்டை எழுதும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. சில நேரம் அதையும் முந்தைய மாதச் சிட்டையைக் காட்டிக் கணிப்பொறியே செய்துவிடுகிறது. மற்றவை எங்கே போயின? கிடங்கின் அடுக்குகளுக்கிடையே விரைந்து நடக்கும் ஊழியரிடமும், வெயிலிலும் மழையிலும் இருசக்கர வண்டியில் வரும் இளைஞரிடமும் போயின. சில கிடங்குகளில் எடுக்கும் வேலையின் ஒரு பகுதியை இப்போது எந்திர மனிதர்கள் செய்கின்றன. சாண்டர்ஸ் 1937இல் கண்ட கனவு அவ்வளவில் பலித்துவிட்டது. ஆயினும் மாடிப்படி ஏறிவந்து கதவைத் தட்டுபவர் இன்னமும் மனிதரே.

ஆகவே, வீட்டிலிருந்து வாங்குவோரைச் சோம்பேறிகள் என்று பழிப்பது சரியன்று. நூறாண்டுகளுக்கு முன் விலைக்குறைப்புக்காகத் தாம் ஏற்றுக்கொண்ட சுமையை, இயன்றபோது விலை கொடுத்து அவர்கள் இறக்கிவைக்கிறார்கள். ஆனால் இறக்கிய சுமைக்கு நியாயமான விலையைக் கொடுக்கிறோமா என்பது வேறு கேள்வி. 'இலவசமாக வீட்டில் சேர்ப்போம்' என்ற அறிவிப்பைப் பார்க்கும்போது, 1912க்கு முந்தைய அமெரிக்கக் கடையை நாம் நினைவுகூரலாம். அங்கும் சுமைக்கூலி இலவசமாகவே தோன்றியது. உண்மையில் அது விலைக்குள் ஒளிந்திருந்தது. இன்றும் அது எங்கோ ஒளிந்துதான் இருக்கவேண்டும்: பொருளின் விலையிலோ, முதலீட்டாளரின் நட்டத்திலோ, சுமந்து வருபவரின் குறைந்த கூலியிலோ.

அடுத்தமுறை வாயிலில் மணி அடிக்கும்போது, அந்தப் பை எத்தனை கிலோ கனம் என்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மளிகைக் கடையின் நூறாண்டு வரலாறு அந்தக் கனத்தில் இருக்கிறது.